ஆணி நேர்மைத் தூதரானது

ஆணி செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. நடுவர் ஒரு கேள்வி கேட்டார்; இவன் பதில் சொல்லிவிட்டான்.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு அணியும் சமம். எதிரணிக்காரன் அடித்த பந்து, கோல் முகத்தில் முண்டியடித்து நின்ற ஆட்களுக்கு நடுவில் யார் மேலோ பட்டு வெளியே போனது. யார் மேல், எங்கே பட்டது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அரங்கம் முழுக்க வைத்திருந்த கேமராக்களுக்கும் தெரியவில்லை. அவை அந்த நேரத்தில் மைதானத்தின் மறுகோடியில் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்த பத்தாம் நம்பர் பனியன்காரனைக் காட்டிக்கொண்டிருந்தன. நடுவர் மூச்சிரைக்க ஓடி வந்து, "கையில பட்டுச்சா?" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. எதிரே வருகிறவரை "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவோமே, அந்த மாதிரிதான்.

"ஆமா சார், லேசா பட்டுச்சு" என்றான் ஆணி.

நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தந்திருக்கவில்லை. எதிரணித் தலைவன்கூட, "விடுப்பா, எதுக்கு வம்பு" என்கிற மாதிரி பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் நடுவர் பெனால்டி கொடுத்தார். கோல் விழுந்தது. ஆணியின் அணி தோற்றது.

ஆணி என்பது அணியில் அவனுக்கு விழுந்த பெயர். பின்களத்தில் ஆடுபவன். அடித்த இடத்தில் நிற்பான். துருப்பிடித்தாலும் நகர மாட்டான். அவனுக்கு ரசிகர் மன்றம் கிடையாது. அவன் பெயர் எழுதிய பனியனை இதுவரை ஒரே ஒருவர்தான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அது அவன் மாமனார். அவரும் தள்ளுபடியில்தான் வாங்கினார்.

உடை மாற்றும் அறையில் ஒருவரும் அவனோடு பேசவில்லை. பயிற்சியாளர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை, உடம்புக்கு முடியாத ஆளிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"உன்னை யாருப்பா வாயைத் திறக்கச் சொன்னது?"

"ரெஃபரி கேட்டாரு சார்."

"கேட்டா சொல்லிடுவியா?"

"பட்டுச்சு சார்."

"பட்டுச்சு. சரி. பட்டா என்ன? உலகத்துல எவ்வளவோ பேர் கையில எவ்வளவோ படுது. எல்லாரும் சொல்லிக்கிட்டா திரியறாங்க?"

ஆணி யோசித்துப் பார்த்தான். பயிற்சியாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்தச் சமயத்தில் அவனுக்கு வேறு பதில் எதுவும் தோன்றியிருக்கவில்லை.

அடுத்த வாரம் நேர்மைப் பாதுகாப்பு வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது.

லீக்கின் நேர்மையைப் பாதுகாக்கவே ஏற்படுத்தப்பட்ட வாரியம் அது. லீக்கின் பிரதான விளம்பரதாரரான பந்தய நிறுவனத்தின் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தது. வாடகை வாங்காமல் இடம் கொடுத்திருந்தார்கள். கீழ்த்தளத்தில் எந்த அணி ஜெயிக்கும் என்று பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்தில் எந்த அணி ஜெயிக்கும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு தளத்துக்கும் ஒரே லிஃப்ட்தான்.

காத்திருக்கும் அறையில் வாரியத் தலைவரின் படங்கள் மாட்டியிருந்தன. அவர் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர். எல்லாப் படங்களிலும் கோப்பையை உயர்த்திக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் கோப்பை ஒன்றுதான், கோணம்தான் வேறு வேறு என்று ஆணிக்குப் புரிந்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர். ஒரு பக்கம் சட்ட ஆலோசகர். மறுபக்கம் விளம்பர அதிகாரி அம்மா; அவர் தலை நிமிரவே இல்லை, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க தம்பி" என்றார் சட்ட ஆலோசகர். "ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நீங்க உண்மை சொன்னது தப்புன்னு நாங்க சொல்லவே இல்ல."

"நன்றி சார்."

"அனுமதி இல்லாம சொன்னீங்க. அதான் பிரச்சினை. கைல பட்டுச்சா இல்லையான்னு கண்டுபிடிக்கறதுக்கு ஒரு கம்பெனி கேமரா வெச்சிருக்கு. அதுக்கு விளம்பரம் கொடுக்க இன்னொரு கம்பெனி காத்துக்கிட்டிருக்கு. நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டா அவங்க பொழப்பு என்ன ஆகறது?"

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் சாதாரணமாகப் பேசினாலே மேடையில் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

"இந்த விளையாட்டோட உயிர்நாடியே நேர்மைதான். நானும் ஆடினவன். என் காலத்துல நாங்க எல்லாம் அவ்வளவு நேர்மையா ஆடினோம். ஒருத்தரையும் ஒருநாளும் ரெஃபரி கண்டுபிடிச்சதே இல்ல. அப்பேர்ப்பட்ட விலைமதிப்பில்லாத ஒரு பொருளை ஆட்டக்காரங்க கையில விட்டுட முடியுமா? இஷ்டத்துக்குச் செலவழிச்சிட மாட்டாங்க? அதனாலதான் இந்த வாரியம். நேர்மையை நாங்க இங்க பத்திரமா வெச்சிருக்கோம். வெளிய விடறதில்ல. ஆகவே இந்த ஆட்டக்காரர் செய்த காரியம் மிகவும்..."

அப்போது விளம்பர அதிகாரி அம்மா கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். ஆணி "ஆமா சார், லேசா பட்டுச்சு" என்று சொல்லும் காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சோகமான வயலின் சேர்த்திருந்தார்கள். அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற எண் கீழே இருந்தது. தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த எண்ணைப் படித்தார். முடிக்காமல் விட்ட வாக்கியம் அப்படியே அந்தரத்தில் நின்றது.

"...மிகவும் பாராட்டத்தக்கது" என்று முடித்தார்.

அன்று சாயங்காலமே ஆணி லீக்கின் நேர்மைத் தூதராக நியமிக்கப்பட்டான். கையில் வெள்ளைப் பட்டை கட்டினார்கள். பட்டையில் பந்தய நிறுவனத்தின் சின்னம் இருந்தது. சட்ட ஆலோசகர் அவன் தோளில் கைபோட்டு வாசல் வரை வந்தார்.

"இனிமே பொது இடத்துல உண்மை ஏதாவது சொல்றதா இருந்தா, முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வீட்டுல எப்படி வேணாலும் பேசிக்கங்க, அது உங்க சொந்த விஷயம்."

வீட்டில் மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. மின்சார வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர் அவர். மாப்பிள்ளையின் படம் பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டு, அங்கே போய், தான் ஏற வேண்டிய பேருந்தெல்லாம் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். மனைவி அவ்வளவு சுலபத்தில் மயங்குகிறவள் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ்.

"தூதர்னா என்ன வேலைங்க?"

"நேர்மையா இருக்கணுமாம்."

"இதுக்கு முன்னாடி சம்பளம் இல்லாமத்தானே அப்படி இருந்தீங்க?"

"இப்ப சம்பளம் உண்டு."

"சரி, நல்லதுதான்" என்றாள் அவள். ஆனால் அந்தச் 'சரி' கொஞ்சம் தாமதமாக வந்தது.

விளம்பரங்கள் வரிசைகட்டி வந்தன. சிமெண்ட், பற்பசை, மெத்தை. எல்லாவற்றிலும் வசனம் ஒன்றுதான்: "உண்மையா சொல்றேன்." மெத்தை விளம்பரத்தின்போது, ஒரு தடவை அதில் படுத்துப் பார்க்கலாமா என்று ஆணி இயக்குநரிடம் கேட்டான். "படுத்தா சட்டை கசங்கிடும் சார், உட்கார்ந்தே நம்புங்க" என்றார் அவர்.

ஒருநாள் காலையில் ஆணி, "ராத்திரி சரியாவே தூக்கம் இல்ல" என்றான். "மெத்தையை மாத்துங்க" என்றாள் மனைவி. இருவரும் சிரித்தார்கள். இன்னொரு நாள் வெளியே கிளம்பும்போது, "கேஸை அணைச்சுட்டேன், வா" என்றான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள், கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் வார்த்தையை அவள் போய்ச் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை.   

இதற்கிடையில் பத்தாம் நம்பருக்கு மனசு சரியில்லாமல் போனது.

பத்தாம் நம்பர் ஆணியின் அணியில் நட்சத்திரம். அவன் பயிற்சிக்கு வரும்போது கூடவே ஏழெட்டுப் பேர் வருவார்கள்: முடி திருத்துபவர், படம் எடுப்பவர், படம் எடுப்பவரைப் படம் எடுப்பவர். அவனுடைய முகவர் வாரியத்துக்கே வந்துவிட்டார்.

"சம்பளத்துல என் ஆள் முதல். போஸ்டர்ல முதல். நேர்மைல மட்டும் அந்த டிஃபெண்டருக்குப் பின்னாடியா? காண்ட்ராக்ட்ல என்ன எழுதியிருக்கு? எந்தத் துறையிலயும் அணியில இவருக்கு மேல ஒருத்தர் இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

வாரியம் அவசரமாகக் கூடி, பத்தாம் நம்பரை மூத்த நேர்மைத் தூதராக அறிவித்தது. அவனுக்குத் தங்க நிறப் பட்டை.

நேர்மையைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் ஒப்புக்கொள்வதற்கு ஒரு தவறு வேண்டும் அல்லவா? அடுத்த ஆட்டத்தில் பத்தாம் நம்பர் எதிரணியின் கோலுக்கு முன்னால், பக்கத்தில் ஈ காக்கை இல்லாதபோது, வெட்டுண்ட மரம் போல விழுந்தான். நடுவர் விசில் ஊதினார். பத்தாம் நம்பர் எழுந்து, கேமரா அருகில் வரும் வரை காத்திருந்து, நெஞ்சில் கைவைத்துச் சொன்னான்: "என்னை யாரும் தொடலை. நானாதான் விழுந்தேன்." கண்ணில் நீர். அதற்காகவே ஒரு நடிப்புப் பயிற்சியாளரை அமர்த்தியிருந்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாவது வரிசையில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார்.

அதன் பிறகு தொற்றுநோய் மாதிரி பரவியது. எல்லா அணியிலும் விழுந்தார்கள், எழுந்து ஒப்புக்கொண்டார்கள். ஒரு கோல்காப்பாளர், தான் மனசுக்குள் எதிரணியைத் திட்டியதாக ஒப்புக்கொண்டார். ஒருவன் போன வருஷம் செய்த தப்பை இப்போது ஒப்புக்கொள்ள, அந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடலாமா என்று அரை நாள் விவாதித்தார்கள். ஆட்டத்தில் பந்து உருண்ட நேரத்தைவிட ஒப்புதல் வாக்குமூலம் ஓடிய நேரம் அதிகம். பந்தய நிறுவனம் இதற்கென்று தனிக் கவுண்டரே திறந்தது. யார் ஒப்புக்கொள்வார், எந்தப் பாதியில், கண்ணீரோடா வெறுமனேயா என்று ஜனங்கள் பணம் கட்டினார்கள். நேர்மைக்கு இவ்வளவு மவுசு இருக்கும் என்று அதுவரை யாருக்குமே தெரியாது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் சட்ட ஆலோசகர் ஆணியைக் கூப்பிட்டு அனுப்பினார். காபி வரவழைத்தார். கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு செகண்ட் ஹாஃப்ல உங்க கையில பந்து படுது."

"படுதா?"

"ரெஃபரி கேப்பாரு. நீங்க ஒப்புக்கறீங்க. பழைய மாதிரியே, அதே குரல்ல. ஜனங்க அதைத்தான் எதிர்பாக்கறாங்க."

"படலேன்னா சார்?"

"தம்பி, மனசு வெச்சா படும்."

"இது... ஏற்பாடு மாதிரி ஆகாதா சார்?"

சட்ட ஆலோசகர் முகம் சுண்டிப்போனது. "சேச்சே! அந்த வார்த்தையை இந்தக் கட்டடத்துல சொல்லாதீங்க. ஏற்பாடுன்னா மோசடி. அதைத் தடுக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோம். இது நிகழ்ச்சி நிரல்."

"பெனால்டி கொடுத்தா அவங்க கோல் போட்டுடுவாங்களே?"

"போடட்டும். அப்புறம் பத்தாம் நம்பர் ஒண்ணு போட்டு ஜெயிக்க வெப்பாரு."

"அவரு போடலேன்னா?"

"அதுக்கு வேற துறை இருக்கு" என்றார் சட்ட ஆலோசகர்.

அன்று வீட்டுக்கு வந்து ஆணி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "இது நிஜமா, இல்ல இதுவும் ஏதாவது விளம்பரமா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். ஆணிக்குச் சுருக்கென்றது. பயிற்சியாளர் திட்டியபோதும், வாரியம் கூப்பிட்டபோதும் தைக்காத ஒன்று அப்போது தைத்தது.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. மாமனார் மாப்பிள்ளையின் பனியனைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆணியின் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில், சொல்லிவைத்தாற்போல, எதிரணிக்காரன் ஒரு பந்தை ஆணியை நோக்கி உயரமாக அடித்தான். ஆணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பந்து அவன் நெஞ்சில் பட்டு, வெளியே போனது. அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்தவருக்கும் அது தெரிந்தது.

நடுவர் ஓடி வந்தார். "கையில பட்டுச்சா?"

"இல்ல சார். நெஞ்சுல பட்டுச்சு."

நடுவருக்கு வியர்த்தது. குரலைத் தாழ்த்தி, "சார், திரும்ப ஒருதரம் கேக்கறேன். கையில பட்டுச்சுதானே?" என்றார்.

"படல சார். கை பின்னாடி இருந்துச்சு."

நடுவர் காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ சத்தமாகப் பேசுவது ஆணிக்கே கேட்டது. நடுவர் தலையாட்டினார், தலையாட்டினார், பிறகு பெனால்டி கொடுத்தார். பெரிய திரையில் அறிவிப்பு வந்தது: "நேர்மைத் தருணம்." ஜனங்கள் எழுந்து கை தட்டினார்கள். ஆணி இரண்டு கையையும் விரித்து, "படல, படல" என்று கத்தினான். வர்ணனையாளர், "எப்பேர்ப்பட்ட மனிதர், உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று நாத் தழுதழுக்கச் சொன்னார்.

எதிரணி கோல் போட்டது. சமம்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பத்தாம் நம்பர் பந்தோடு பாய்ந்தான். நிகழ்ச்சி நிரலைச் சரியாகப் படிக்காத ஒரு தடுப்பாட்டக்காரன் நிஜமாகவே குறுக்கே வந்து மோதினான். பத்தாம் நம்பர் கீழே விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று ஆவலோடு காத்திருந்தது. நடுவர் பவ்யமாகக் குனிந்து, "சொல்லுங்க சார்" என்றார்.

"வலிக்குதுய்யா!" என்று கத்தினான் பத்தாம் நம்பர்.

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அதற்குள் எதிரணி ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டது.

வாரியத்தின் விசாரணை இந்தத் தடவை சீக்கிரம் முடிந்தது. பணம் கட்டியவர்கள் கீழ்த்தளத்தில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்டில் ஏறி மேலே வந்துவிடுவார்களோ என்று எல்லாருக்கும் பயம்.

"லட்சக்கணக்கான ஜனங்களுக்கு முன்னாடி நீங்க கையில படலேன்னு சொல்லியிருக்கீங்க" என்றார் தலைவர். "ரெஃபரி பட்டதா தீர்ப்பு சொல்லிட்டாரு. ரெஃபரி சொன்னா அது உண்மை. அது சட்டம். அப்ப நீங்க சொன்னது என்ன?"

"பந்து நெஞ்சுல பட்டுது சார். படம் இருக்கு, போட்டுப் பாருங்க."

"படத்தைப் பாத்தோம். நாங்க என்ன குருடா? நெஞ்சுலதான் பட்டிருக்கு. அது வேற விஷயம். நேர்மைத் தூதரா இருந்துக்கிட்டு வாரியத்தோட உண்மைக்கு விரோதமா பேசினீங்க. என் வாழ்நாள்ல இப்படி ஒரு பொய்யை நான் கேட்டதில்ல." அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. "எவ்வளவு நம்பியிருந்தோம் உங்களை!"

பொய் சொன்ன குற்றத்துக்காக ஆணிக்கு இரண்டு வருஷத் தடை. வெள்ளைப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் அவன் படத்தை எடுத்துவிட்டு வாரியத் தலைவரின் படத்தை வைத்தார்கள். கோப்பையோடுதான்.

தடை வந்த பிறகு ஆணி கொஞ்ச நாள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. மாமனார் மட்டும், "எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, நான் முதல் வரிசையிலதானே இருந்தேன்" என்று வேளைக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு, "கொஞ்சூண்டு கூட படலதானே?" என்றும் கேட்டுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் பத்தாம் நம்பர் நின்றுகொண்டிருந்தான். தனியாக. முடி கலைந்திருந்தது. ஒரு காலைத் தரையில் முழுசாக ஊன்றாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள வரலாமாண்ணே?"

அவன் ஆணியை அண்ணன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஆணி அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்து சோபாவில் உட்காரவைத்தான். மாமனார் அவன் பின்னால் கேமரா ஏதாவது வருகிறதா என்று தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, முட்டி வலி உயிர் போகுது. அன்னைக்கு நிஜமாவே அடிபட்டுச்சு. யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. டீம் டாக்டர்கிட்ட போனா, 'பிரமாதம் சார், போன தடவையவிட நல்லா பண்றீங்க'ங்கறாரு. ஏஜெண்ட் இதையே ஒரு மருந்துக் கம்பெனிக்கு வித்துட்டாரு. எங்க அம்மாவே, 'இது எப்ப டிவில வரும்'னு கேக்கறாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணே. நிஜமா வலிக்குதா, இல்ல பழக்கத்துல வலிக்கிற மாதிரி பண்றேனான்னு."

ஆணி வாயைத் திறந்தான். என்ன சொன்னாலும் விளம்பர வசனம் மாதிரிதான் இருக்கும் என்று தோன்றியது. மூடிக்கொண்டான்.

சமையலறையிலிருந்து அவன் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, கால்சட்டையைச் சுருட்டினாள். முழங்காலைச் சுற்றி விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் அவன் துள்ளினான். அவள் அதே இடத்தில் மறுபடி, மெல்ல, அழுத்திப் பார்த்தாள்.

"நீங்களாவது நம்பறீங்களா அக்கா?" என்றான் அவன். கண்ணீர் மூக்கு வழியாகவும் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"நம்பறதுக்கு இதுல என்னப்பா இருக்கு? உள்ள தண்ணி கோத்திருக்கு, கைக்குத் தெரியுது" என்றாள் அவள். பிறகு கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஃப்ரிட்ஜ்ல ஐஸ் இருக்குதாங்க?"

"இருக்கு" என்றான் ஆணி.

"எடுத்துட்டு வாங்க" என்றாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.